முதலில் சொல்லட்டும், பிறகு எழுதட்டும்: பிள்ளைகளின் எழுத்துப் பழக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பாளையங்கோட்டைக் கடைகளில் இரட்டைக்கோடு, நாலுகோடு நோட்டுகள் கட்டுக்கட்டாக விற்றுத் தீரும். ஆடி முடிவதற்குள் அவற்றில் பாதி, ஒரே சொல்லைப் பத்து முறை எழுதிய பக்கங்களால் நிரம்பிவிடும். பிள்ளை தினமும் எழுதுகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் அதே பிள்ளையிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "நேற்று நடந்ததை நாலு வரி எழுது" என்றால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கை பழகியிருக்கிறது. சொல்வதற்கு வாய் பழகவில்லை.

கிராமத்து நூலகம் ஒன்றின் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை எழுத வைத்துவருகிறேன். வாயால் கோவையாகச் சொல்லத் தெரிந்ததைத்தான் பிள்ளை எழுதும் என்பது அங்கே பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியான விஷயம். கீழே உள்ள படிகள் எல்லாமே அதிலிருந்து வந்தவை. நாலு வயது முதல் பதினோரு வயது வரை இவை பொருந்தும். தேவைப்படுபவை: ஒரு தாம்பாளம், கொஞ்சம் மணல், கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில், காது கொடுத்துக் கேட்க ஒரு பெரியவர். இவற்றில் கிடைப்பதற்கு அரிதானது கடைசியாகச் சொன்னதுதான்.

படி 1: வரிசையாகச் சொல்லப் பழக்குதல்

அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளை வைத்துச் சமைத்து விளையாடும் நாலு வயதுப் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். அரிசி கழுவுவதையும், உலை வைப்பதையும், பொங்கி வழிவதையும், வராத விருந்தாளியைத் திட்டுவதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் செய்யும். எழுத்துக்கான பயிற்சி அங்கேயே தொடங்கிவிட்டது. விளையாட்டு முடிந்ததும், "முதலில் என்ன செய்தாய்? பிறகு? கடைசியில்?" என்று மட்டும் கேளுங்கள். நடந்ததை வரிசைப்படுத்திச் சொல்வதுதான் கட்டுரைக்கு எலும்புக்கூடு.

பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம், "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்டால், "ஒன்றும் இல்லை" என்ற பதில்தான் வரும். கேள்வியைச் சிறிதாக்குங்கள். சத்துணவில் முட்டை கொடுத்தார்களா, பக்கத்தில் யார் உட்கார்ந்தது, யார் அழுதது, எதற்காக அழுதது? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு கதையே பதிலாக வரும்.

ஆச்சி இரவில் சொன்ன கதையை மறுநாள் தாத்தாவுக்குச் சொல்லச் சொல்லுங்கள். ஆச்சி சொன்னதில் இல்லாத புலி ஒன்று நடுவில் புகுந்தால், அதை விரட்ட வேண்டாம்.

படி 2: மணலில் விரல், வாயில் எழுத்து

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினார்கள். தென்பகுதியில் அந்த ஆசிரியருக்கு அண்ணாவி என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதியும் வெளியிட்டார். அவருடைய கல்வி முறைக்கு அங்கே 'சென்னை முறை' என்றே பெயர் வந்தது. நாமோ மணலைக் கைவிட்டுவிட்டு, மூன்று வயதில் பென்சிலைத் திணிக்கிறோம்.

தாம்பாளத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மணலைப் பரப்புங்கள். (தாமிரபரணியில் இறங்கி அள்ள வேண்டாம். ஆற்று மணல் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். மணல் கிடைக்காவிட்டால் ரவை போதும்.) அகர வரிசையில் தொடங்கினால் முதல் நாளே 'அ', 'இ' போன்ற சுழி எழுத்துகளில் விரல் தடுமாறும். ட, ப, ம என்று தொடங்குவது எளிது. 'ட' என்றால் மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. பிள்ளை கோடு இழுக்கும்போதே வாய் 'ட' என்று சொல்ல வேண்டும். இழுத்து முடித்த பிறகு சொல்வதில் பயன் குறைவு. இந்த மூன்றும் வந்ததும் புள்ளி வைக்கக் காட்டுங்கள். படம், மடம், பட்டம் என்று அன்றைக்கே சொற்கள் பிறந்துவிடும்.

தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம். மீதமுள்ள 216 உயிர்மெய்யும் இவை சேர்ந்து பிறப்பவை. துணைக்கால், கொம்பு, கொக்கி பழகிவிட்டால் பெரும்பகுதி வந்துவிடும்.

தமிழ் எழுத்தை உரக்கச் சொல்லித்தான் கற்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கல், பகல், தங்கம் என்ற மூன்றையும் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒரே ககரம், ஒலியோ ஒவ்வொன்றிலும் வேறு. பசி, பச்சை, மஞ்சள் என்பதிலும் சகரம் அப்படித்தான். எந்த இடத்தில் எந்த ஒலி என்று எந்தப் பிள்ளையும் விதி படித்துக் கற்பதில்லை, காதால் கேட்டே கற்கிறது. அட்டையில் எழுத்தைக் காட்டி 'இது க' என்பதோடு நிறுத்திக்கொண்டால், கேட்க வேண்டிய மூன்று ஒலியில் இரண்டு விடுபட்டுப் போகும்.

மூன்று னகரச் சிக்கலும் வாயாலேயே தீரும். 'வண்டி' என்று மெதுவாகச் சொல்லி, 'ண்' என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். நாக்கு ஏற்கெனவே டகரத்துக்கு மடிந்து தயாராக இருக்கும். 'பந்து' என்று சொல்லும்போது நாக்கு பல்லுக்கு வந்துவிடும், ஆகவே 'ந்'. 'கன்று' என்றால் இரண்டுக்கும் நடுவே நிற்கும், ஆகவே 'ன்'. ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன் என்று மனப்பாடம் செய்வதைவிட, நாக்கு எங்கே இருக்கிறது என்று பிள்ளையையே கேட்பது நல்லது. ஒரு வாரம் அதையே விளையாட்டாகச் செய்து திரிவார்கள்.

ழகரம் வேறு கதை. நம் நெல்லைப் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகவே ஒலிப்பது சாதாரணம். 'பளம்', 'மளை' என்று பிள்ளை எழுதினால், காதில் விழுந்ததைச் சரியாகவே எழுதியிருக்கிறது. அடிப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ளகரத்துக்கு நாக்கு மேலண்ணத்தைத் தொடும், ழகரத்துக்கு மடிந்தும் தொடாது என்று உங்கள் வாயைத் திறந்து காட்டுங்கள். தலை, தளை, தழை என்று வரிசையாகச் சொல்லிப் பழகுங்கள். வீட்டுப் பேச்சை மாற்றச் சொல்ல வேண்டாம். எழுதும்போது மனசுக்குள் அந்த ஒலியைச் சொல்லிப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

படி 3: பலகை வாசித்தல்

இதற்குத் தனியாக நேரம் வேண்டாம். திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தால், கொக்கிரகுளம், வண்ணாரப்பேட்டை, முருகன்குறிச்சி என்று பலகைகள் வரிசையாக வரும். பஸ் நிற்கும் இடத்தில் ஊர்ப் பெயரைக் கைதட்டிச் சொல்லச் சொல்லுங்கள். 'வண்ணாரப்பேட்டை' என்ற ஒரே பெயரில் இரட்டித்து வரும் மெய் மூன்று. இரண்டு நாளில் கடைப் பலகைகளில் இருக்கும் எழுத்துப் பிழைகளைப் பிள்ளையே கண்டுபிடிக்க ஆரம்பிக்கும். கடைக்காரர்களிடம் நேராகப் போய்ச் சொல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

படி 4: பிள்ளை சொல்ல, நீங்கள் எழுதுங்கள்

மற்றப் படிகளைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம்.

பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது சொல்வதை நீங்கள் நோட்டில் எழுதுங்கள். பெரிய எழுத்தில், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, அதன் கண்முன்னால் எழுத வேண்டும். ஊர்க் கோயில் திருவிழாவான கொடை முடிந்த மறுநாள் ஆறு வயதுப் பையன் ஒருவன் சொல்லச் சொல்ல நான் எழுதியது இது:

"நேற்று கொடை. சுடலைமாடன் ஆடினார். நான் அப்பா தோளில் ஏறிவிட்டேன். பலூன் வாங்கினோம். சாமி பக்கத்தில் வந்தார். பலூன் வெடித்துவிட்டது. நான் வெடிக்கவில்லை."

கடைசி வாக்கியத்தைத் திருத்தத் துடிக்கும் கையை அடக்கிக்கொள்ளுங்கள். 'நான் பயப்படவில்லை' என்று மாற்றினால் இலக்கணம் சரியாகும், பையன் காணாமல் போவான். பலூனை உடைத்தது யார் என்ற விசாரணையில், அது தானாகவே வெடித்தது, நான் வெடிக்க வைக்கவில்லை என்று அவன் சொல்ல வந்திருக்கவும் கூடும். சந்தேகம் இருந்தால் அவனிடமே கேட்க வேண்டும்.

எழுதி முடித்ததும், ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை நகர்த்தி உரக்க வாசித்துக் காட்டுங்கள். பிள்ளையின் முகம் மாறுவதை அப்போது பார்க்கலாம். தன் வாயிலிருந்து போனது தாளிலிருந்து திரும்பி வருகிறது. பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில்தான், "இல்லை இல்லை, முதலில்தான் பலூன் வாங்கினோம்" என்று குறுக்கிடுவார்கள். அடித்துவிட்டு அவர்கள் சொல்கிறபடி எழுதுங்கள். எழுதியதை மாற்றலாம் என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்ளும் நேரம் இது. நாலுகோடு நோட்டு இதை ஒருபோதும் கற்றுத்தராது.

இதில் நடக்கும் இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாது. உங்கள் கை வாயின் வேகத்துக்கு எழுதாது என்பதால், பிள்ளை நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கும். ஒரு வாக்கியத்தைத் தலைக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, நீங்கள் முடிக்கும் வரை காத்திருக்கும். பிற்பாடு தானாக எழுதும்போது தேவைப்படுகிற திறமை இதுவேதான்.

ஒரு தடவைக்கு ஐந்தாறு வாக்கியம் போதும். தேதி போடுங்கள். சில வாரம் கழித்து, கடைசி வாக்கியத்தை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். பிறகு கடைசி இரண்டு. பென்சில் மெல்ல மெல்லக் கை மாறட்டும்.

வீட்டுப் பேச்சா, புத்தகத் தமிழா என்ற கேள்வி இங்கே கட்டாயம் வரும். 'ஆச்சி வந்தாவ' என்று பிள்ளை சொன்னால், இரண்டாம் வகுப்பு வரை அப்படியே எழுதுங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து, வாசித்துக் காட்டிய பிறகு, "புத்தகத்தில் இது எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். கதை வாசித்துக் கேட்ட பிள்ளைக்கு 'வந்தார்கள்' என்று சொல்லத் தெரிந்திருக்கும். வினைமுற்றை மட்டும் மாற்றினால் போதும். சுளகை முறம் ஆக்க வேண்டியதில்லை, வாகையடி முக்கை மூலை ஆக்க வேண்டியதும் இல்லை. இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்திருக்கிறார். அந்தச் சொற்கள் எழுத்தில் ஏறக்கூடாதவை என்று ஐந்தாம் வகுப்பிலேயே தீர்ப்பு எழுத நாம் யார்?

படி 5: 'ஆமாம்' போடும் ஆள்

வில்லுப்பாட்டில் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்லும்போது, பக்கத்தில் குடமும் உடுக்கும் தாளமும் வைத்திருப்பவர்கள் வெறும் இசைக்காரர்கள் அல்லர். "ஆமாம்" என்று போடுவார்கள். "அப்படியா? பிறகு?" என்று கேட்பார்கள். நடுநிசி தாண்டியும் கதை தொய்யாமல் போவதற்கு அவர்களும் காரணம். நெல்லையை அடுத்த சத்திரம்புதுக்குளத்தில் பிறந்து, வில்லிசைக்காகப் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகத்தின் நிகழ்ச்சிகளைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். பின்பாட்டுக்காரர் சரியான இடத்தில் கேட்கும் ஒரு கேள்வியில் கதை அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

இதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளை தான் எழுதியதை உரக்க வாசிக்க வேண்டும். கேட்பவர் நோட்டைப் பார்க்கக் கூடாது. இது முக்கியம், பார்த்தால் கண் பிழைக்குப் போய்விடும். கதை புரிகிற வரை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமாம்" என்று சொல்லுங்கள். புரியாத இடத்தில் சொல்லாதீர்கள். அவ்வளவுதான் விதி.

எட்டு வயதுப் பெண் ஒருத்தி பனங்கிழங்கு பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். "பனங்கிழங்கை மஞ்சள் போட்டு அவிப்பார்கள்." ஆமாம். "உப்பும் போடுவார்கள்." ஆமாம். "தோலை உரிக்க வேண்டும்." ஆமாம். "அதைத் தூரப் போட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்." கூட இருந்த பிள்ளைகள் யாரும் வாய் திறக்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எதைத் தூரப் போடணும்?" என்று ஒரு பையன் கேட்டான். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போய், கிழங்கை இரண்டாகப் பிளக்க வேண்டும், நடுவில் ஈர்க்குச்சி போல ஒன்று இருக்கும், அதை எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்து எழுதி வந்தாள். சிவப்பு மையில் 'விளக்கம் தேவை' என்று எழுதியிருந்தால், அவள் அந்தப் பக்கத்தை மூடி வைத்திருப்பாள்.

பெரியவரைவிட இன்னொரு பிள்ளை 'ஆமாம்' போடுவது மேல். புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் மரியாதை பிள்ளைகளுக்கு இன்னும் வந்திருக்காது.

படி 6: மூச்சு முட்டும் இடத்தில் திருத்தம்

ஒன்பது வயதுக்கு மேல், தன் எழுத்தைத் தானே திருத்த இந்த முறையைச் சொல்லிக்கொடுங்கள். உரக்க வாசி. மூச்சு முட்டினால் வாக்கியம் நீளம், இரண்டாக வெட்டு. நாக்கு இடறினால் அந்த இடத்தில் ஒரு கோடு போடு. ஒரே சொல் காதில் மூன்று முறை விழுந்தால் ஒன்றை மாற்று. எழுத்துப் பிழை எல்லாவற்றுக்கும் பிறகு, கடைசியாக.

உரக்கப் படிப்பது நினைவுக்கும் உதவும். மௌனமாகப் படித்த சொற்களைவிட வாய்விட்டுச் சொன்ன சொற்கள் கூடுதலாக நினைவில் நிற்பதைக் கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர்கள் 2010இல் விரிவாக எழுதினார்கள். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிலவற்றை உரக்கவும் மற்றவற்றை மௌனமாகவும் படிக்கும்போதுதான் அந்த வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. உரக்கச் சொன்னவை தனித்துத் தெரிவதால் நிற்கின்றன. ஆகவே பக்கம் முழுவதையும் கத்திப் படிக்க வைக்க வேண்டியதில்லை. பிழை வரும் பத்துச் சொல்லை மட்டும் உரக்கச் சொல்லி எழுதட்டும்.

தாளம் பழக வேண்டுமென்றால் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து போதும். பொருள் சொல்லித்தர வேண்டாம். கைதட்டிக்கொண்டு பாட விடுங்கள். எதுகையும் மோனையும் காதில் ஏறிவிட்டால், இலக்கண வகுப்பில் அவை பழைய நண்பர்களாகத் தெரியும்.

திக்கிப் பேசும் பிள்ளையைத் தனியாக எழுந்து வாசிக்கச் சொல்லாதீர்கள். இன்னொருவரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போது திக்கல் வெகுவாகக் குறையும். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழியே வாய்மொழி. பிள்ளை சைகையில் சொல்லட்டும், சைகை தெரிந்த பெரியவர் எழுதட்டும். நாலாம் படி அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

படி 7: நாளும் நேரமும்

ஆறு வயது வரை பத்து நிமிடம், அதற்கு மேல் கால் மணி. விளக்கு வைத்த பிறகு, தொலைக்காட்சி தொடங்குவதற்கு முன் என்று ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். 'நேரம் கிடைக்கும்போது' என்றால் நேரம் கிடைக்காது. தினமும் எழுத வேண்டாம், வாரத்தில் மூன்று நாள் எழுதினால் நல்லது. ஆனால் சொல்வது தினமும் நடக்க வேண்டும்.

தலைப்புக்குத் 'தேசத் தலைவர்கள்' பக்கம் போக வேண்டாம். குற்றாலத்தில் சாரலில் நனைந்தது, பத்தமடைப் பாயின் ஓரத்தில் கோரை பிரிந்து முதுகில் குத்துவது, மாமா வீட்டு ஆட்டுக்குட்டி, மதினி வைத்த சொதி என்று பிள்ளை தொட்டதும் தின்றதும் போதும்.

விலக்க வேண்டிய இரண்டு

ஆகஸ்டு 15 நெருங்கும்போது பள்ளிகளில் பேச்சுப் போட்டி வரும். அப்பா எழுதித் தருவார். "அவையோர் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்" என்று தொடங்கி, அர்த்தம் தெரியாத நாற்பது வரியை ஏழு வயதுப் பிள்ளை கையை ஆட்டி ஒப்பிக்கும். பரிசாக எவர்சில்வர் கிண்ணம் கிடைக்கும். தன் வாயிலிருந்து வருவது தன் சொல்லாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்தப் பிள்ளை கிண்ணத்தோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவரும். போட்டியில் கலந்துகொள்ளட்டும். நாலாம் படியில் செய்தபடி, தானே சொல்லித் தானே எழுதிய பத்து வரியைப் பேசட்டும். கிண்ணம் கிடைக்காமல் போகலாம்.

இரண்டாவது, பிள்ளை காதுபட நாம் சொல்வது. விருந்தாளி முன்னால், "இவனுக்குக் கணக்கு வரும், தமிழ் எழுதத்தான் வராது" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அந்தப் பிள்ளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, அதே வார்த்தைகளில், அதே சிரிப்போடு, "எனக்கு எழுத வராது சார்" என்று சொல்லும். அதைக் கழற்றவே பல மாதம் ஆகிறது. பாராட்டையும் பொத்தாம்பொதுவாகச் சொல்ல வேண்டாம். 'சூப்பர்' என்பதைவிட, "அந்தப் பலூன் வெடித்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது" என்று சொன்னால், எந்த வரி வேலை செய்தது என்று பிள்ளைக்குத் தெரியும்.

பிள்ளை நோட்டை ஒளித்து வைக்கும்போது

பத்துப் பதினோரு வயதில் ஒருநாள், உரக்க வாசிக்க மாட்டேன் என்று பிள்ளை சொல்லும். நீங்கள் அறைக்குள் நுழைந்தால் நோட்டை மூடும். பலர் இதைப் பழக்கம் விட்டுப்போனதாக நினைத்து வற்புறுத்துகிறார்கள். விட்டுப்போகவில்லை. யாருக்கும் சொல்லாததை எழுத ஆரம்பித்திருக்கிறது. தனியாக இருக்கும்போது முணுமுணுத்துக்கொண்டு எழுதுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். உதடு அசைந்தால் போதும். பழைய நோட்டுகளைத் தேதி வாரியாகக் கட்டி, பழைய சாமான் வாங்கும் ஆக்கர்க்காரனுக்குப் போடாமல் மச்சில் வையுங்கள். புதிதாக ஒரு நோட்டு வாங்க இந்தத் தடவை கடைக்குக் கூடவே அழைத்துப் போங்கள். கோடு போட்டதா போடாததா என்று பிள்ளையே எடுக்கட்டும்.